16 கட்டத்துக்குள் ஓர் ஆள்

டீ வரட்டும். அதற்குள் ஒரு கட்டம் போட்ட கணக்கு நோட்டை எடுத்து ஒரு சதுரம் குறித்துக்கொள்ளுங்கள். அகலத்தில் 16 கட்டம், உயரத்தில் 16 கட்டம். அதற்குள் ஓர் ஆளை வரைய வேண்டும். ஒரு கட்டத்தில் ஒரு நிறம்தான் அடிக்கலாம். பாதிக் கட்டம் கிடையாது, வளைந்த கோடு கிடையாது. மொத்தமே 3 நிறம். அந்த ஆள் நடக்கிறானா, ஓடுகிறானா, குதிக்கிறானா என்பது நான்கடி தள்ளி நிற்பவருக்கும் தெரிய வேண்டும்.

வரைந்து பார்த்தால் சிக்கல் எங்கே என்று ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். தலைக்கு 7 கட்ட உயரம் ஒதுக்கலாம். அதில் நெற்றி போக, கண்ணுக்கு ஒன்றிரண்டு கட்டம் மிஞ்சும். வாய்க்கு ஒரு கட்டத்தைக் கறுப்பாக வைத்தால் பல் விழுந்த மாதிரி தெரிகிறது. வைக்காவிட்டால் முகம் வெறும் சதைக் கட்டியாக நிற்கிறது. குதிக்கும்போது முடி பறக்க வேண்டுமே என்று நினைத்தால், பறப்பதற்கு இடமே இல்லை. எல்லாவற்றையும் விடக் கைதான் பெரிய தொல்லை. சட்டையும் கையும் ஒரே நிறத்தில் இருந்தால், உடம்புக்கு முன்னால் வரும் கை உடம்போடு கலந்து காணாமல் போய்விடும். கை வீசாமல் ஒருவன் ஓடினால் அது ஓட்டமாகவே தெரியாது.

1981-ல் ஜப்பானில் ஷிகெரு மியாமோட்டோ என்ற இளம் டிசைனரின் முன்னால் இருந்தது இதே கட்டம்தான். நின்டெண்டோ நிறுவனம் ‘ரேடார் ஸ்கோப்’ என்ற விண்வெளிச் சுடும் கேமைச் செய்து, காசு போட்டு ஆடும் பெரிய பெட்டிகளாக அமெரிக்காவுக்கு அனுப்பியிருந்தது. அது அங்கே எடுபடவில்லை. சுமார் 2,000 பெட்டிகள் கிடங்கில் தேங்கின. அதே பெட்டியில், அதே சர்க்யூட் போர்டில் ஓடுகிற மாதிரி வேறு ஒரு கேம் செய்து கொடு என்று அந்த இளைஞரிடம் ஒப்படைத்தார்கள். இன்னும் கொஞ்சம் மெமரி கொடுங்கள், இன்னும் இரண்டு நிறம் கொடுங்கள் என்று கேட்பதற்கு வழியே இல்லாத வேலை அது. மெஷின் ஏற்கெனவே செய்து முடித்துக் கப்பலேறிப் போய்விட்டது.

மியாமோட்டோ ஒவ்வொரு சிக்கலுக்கும் ஒரு பொருளைக் கொண்டுவந்தார். வாய் வரைய இடமில்லையா? பெரிய மூக்கை வைத்து அதற்குக் கீழே மீசையை வைத்தார். மீசை இருந்தால் அதற்குக் கீழே வாய் இருப்பதாகப் பார்ப்பவர் மனசே எடுத்துக்கொள்ளும். முடியை அசைக்க முடியாதா? தொப்பி போட்டார். கை தெரியவில்லையா? சட்டைக்கு ஒரு நிறம், அதன்மேல் தோளில் பட்டை வைத்த ஓவரால்ஸ் உடைக்கு இன்னொரு நிறம். உடம்புக்குக் குறுக்கே கை வரும்போது நிறம் மாறுவதால் கை தனியாகத் தெரிந்தது. ‘டாங்கி காங்’ என்ற அந்த கேமில் இரும்புச் சாரத்தில் ஏணி ஏறி ஓடும் ஆள் அவன். சாரத்தில் இப்படி உடுத்தி நிற்பவன் யாராக இருப்பான்? தச்சு வேலைக்காரன் என்று வைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து, குழாய்கள் நிறைந்த ‘மாரியோ பிரதர்ஸ்’ வந்தபோது அதே உடையோடு பிளம்பர் ஆனான். இன்று உலகமே அடையாளம் கண்டுகொள்ளும் மாரியோவின் மீசை, தொப்பி, உடை மூன்றும் அந்தச் சின்னச் சதுரத்தின் நெருக்கடியில் வந்தவை.

இந்த வரிசையைக் கவனியுங்கள். ஒரு அழகான ஆளை முதலில் பெரிய தாளில் வரைந்துவிட்டு, பிறகு மெஷினுக்கு ஏற்றபடி சுருக்கியிருந்தால் இது நடந்திருக்காது. சுருக்கும்போது கண், வாய், விரல், பொத்தான் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்து, கடைசியில் மங்கலான ஒரு புள்ளிக் குவியல்தான் மிஞ்சும். கேரக்டர் டிசைன் செய்பவர் மெஷினின் எல்லையை முதல் நாளே தெரிந்துகொண்டு, அதற்குள்ளிருந்து ஆளை வெளியே கொண்டுவர வேண்டும் என்பது என் உறுதியான கட்சி. எல்லையைக் கடைசியில் சந்திப்பவருக்கு அது வெட்டுக்கத்தி. முதலிலேயே சந்திப்பவருக்கு அது யோசனை கொடுக்கிற இடம்.

எல்லை என்றால் சரியாக என்ன? ஒரு மெஷினை எடுத்துப் பிரித்துப் பார்த்துவிடலாம். 1983-ல் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம்தான் இதற்கு நல்ல பாடம். 90-களில் நம் ஊர் வீடுகளில் டிவியில் செருகி, கேசட் போட்டு ஆடிய வீடியோ கேம் பெட்டிகள் பெரும்பாலும் இதன் நகல்கள். ஆகவே உங்களில் பலர் இதை ஏற்கெனவே கையில் பிடித்திருக்கிறீர்கள்.

அதன் திரை 256 புள்ளி அகலம், 240 புள்ளி உயரம். திரையில் தனியாக நகரும் உருவத் துண்டுக்கு ஸ்ப்ரைட் என்று பெயர். ஒரு துண்டு 8-க்கு 8 புள்ளி. ஒரே நேரத்தில் 64 துண்டுகள் வரை திரையில் இருக்கலாம். ஒவ்வொரு துண்டுக்கும் 3 நிறம். நான்காவது இடம் ‘இங்கே எதுவும் இல்லை, பின்னணி தெரியட்டும்’ என்பதற்கு. ஒரு துண்டைச் சேமிக்க 16 பைட் வேண்டும். சின்ன மாரியோ நிற்கும் படத்துக்கு 4 துண்டு வேண்டும். 1985-ல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ மொத்தமும் 40 கிலோபைட்தான். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படம் அதைவிடப் பெரியது. அந்த 40-ல் 32 கிலோபைட் புரோகிராமுக்குப் போக, படங்களுக்கு மிஞ்சியது 8. அதிலும் பாதி செங்கல், மேகம், குழாய் போன்ற பின்னணிக்கு. மீதியில் 256 துண்டுகள். மாரியோவின் நடை, ஓட்டம், நீச்சல், எல்லா எதிரிகள், காசு, பூ அத்தனையும் அந்த 256-க்குள் அடங்க வேண்டும்.

அந்த கேமில் முதலில் வரும் எதிரியை நினைவிருக்கிறதா? காளான் மாதிரி, கோபமான புருவத்தோடு தத்தித் தத்தி வரும் கூம்பா. அது நடப்பதற்கு இரண்டு படம் இல்லை, ஒரே படம்தான். அதையே இடவலமாகத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள். ஒரு கால் கொஞ்சம் முன்னால் இருப்பதால், திருப்பும்போது அடுத்த கால் முன்னால் வந்த மாதிரி தெரிகிறது. முகம் இடவலம் ஒத்திருப்பதால் திருப்பியது கண்ணுக்குப் படாது. அந்த உருவத்தை வேறு மாதிரி வரைந்திருந்தால், ஒரு கண்ணை மட்டும் பெரிதாக்கியிருந்தால், இந்த வித்தை பலித்திருக்காது. அது நடக்கும் விதமும் அதன் முகமும் ஒரே கணக்கில் பிறந்தவை.

மாரியோ பூவைத் தொட்டதும் நெருப்பு எறிபவனாக மாறுகிறானே, அதற்குப் புதிதாக ஒரு புள்ளி கூட வரையவில்லை. நிறப் பட்டியலில் சிவப்பு இருந்த இடத்தில் வெள்ளையைப் போட்டுவிட்டார்கள். தம்பி லூயிஜியும் அண்ணனின் படம்தான், நிறம் மட்டும் வேறு.

இன்னொரு எல்லை கண்ணுக்கு நேரடியாகத் தெரிந்தது. ஃபேமிகாமில் ஒரு கிடைக்கோட்டில் 8 துண்டுகளுக்கு மேல் வர முடியாது. ஒன்பதாவது துண்டை மெஷின் வரையாமல் விட்டுவிடும். எப்போதும் ஒரே ஆள் மறையக் கூடாதே என்று புரோகிராமர்கள் வரிசையை ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொடுப்பார்கள். எதிரிகள் கூட்டமாக வரும்போது உருவங்கள் மினுக் மினுக்கென்று விட்டுவிட்டுத் தெரிந்ததன் காரணம் இதுதான். டிவி கெட்டுப்போய்விட்டது என்று பல வீடுகளில் தலையில் தட்டியிருப்பார்கள். இந்தக் கணக்குப்படி, 4 துண்டு அகலத்தில் ஒரு கதாநாயகனை வரைந்தால் அவனே பாதிக் கோட்டைத் தின்றுவிடுவான். ஆகவே அந்தக் கால நாயகர்கள் பெரும்பாலும் 2, 3 துண்டு அகலத்தில் ஒல்லியாகவோ குட்டையாகவோ இருந்தார்கள். 1988-ல் வந்த ‘மெகா மேன் 2’ கேமில் ஒரு பெரிய இயந்திர டிராகன் வரும். அத்தனை பெரிய உருவத்தைத் துண்டுகளால் கட்ட முடியாது என்பதால் அதைப் பின்னணியாகவே வரைந்தார்கள். அதனால்தான் அந்தச் சண்டையில் வானம் வெறும் கறுப்பாக இருக்கும்.

மெகா மேன் பெயரை எடுத்தாகிவிட்டது, அவனையும் பார்த்துவிடுவோம். 1987-ல் கேப்காம் நிறுவனத்தில் பிறந்த நீல நிறச் சிறுவன். ஏன் நீலம்? ஃபேமிகாம் காட்டக்கூடிய நிறங்கள் ஐம்பதுக்குக் கொஞ்சம் மேல். அதில் நீலத்தின் சாயல்கள்தான் அதிகம் கிடைத்தன. கறுப்பில் விளிம்பு, ஒரு கரு நீலம், ஒரு வெளிர் நீலம் என்று 3 நிறமும் உடம்புக்கே தீர்ந்துபோயிற்று. முகத்துக்குச் சதை நிறமும் கண்ணுக்கு வெள்ளையும் வேண்டுமே! முகத்தைத் தனித் துண்டாக, தனி நிறப் பட்டியலோடு உடம்பின்மேல் வைத்தார்கள். இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அவன் எதிரியை வென்று அவனுடைய ஆயுதத்தை எடுத்துக்கொள்ளும்போது, அந்த இரண்டு நீலமும் வேறு நிறமாக மாறும். எந்த ஆயுதம் கையில் இருக்கிறது என்பதற்குத் திரை ஓரத்தில் ஒரு படம் தேவையில்லை. ஆளைப் பார்த்தாலே தெரியும். இரண்டு எண்ணை மாற்றுவதற்கு ஆகும் செலவில் ஆடுபவருக்கு ஒரு பெரிய தகவல் கிடைத்துவிட்டது. இந்த உருவத்தை அகிரா கிடாமுரா முதலில் புள்ளிகளாக வரைந்தார். கெய்ஜி இனாஃபுனே அந்தப் புள்ளிப் படத்தைப் பார்த்துத்தான் பெரிய ஓவியமாக வரைந்தார். கட்டத்திலிருந்து தாளுக்கு. நான் சொல்லும் திசையும் அதுதான்.

கூம்பாவில் பார்த்த, படத்தைத் திருப்பிக் காட்டும் வித்தைக்கு ஒரு விலையும் உண்டு. 1991-ன் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’வில் சகாட் என்ற தாய்லாந்து வீரனுக்கு ஒரு கண்ணில் கட்டு. அவன் இடமிருந்து வலம் திரும்பினால் கண்கட்டு அடுத்த கண்ணுக்குப் போய்விடும். படத்தைக் கண்ணாடிபோல் திருப்புகிறார்கள், அவ்வளவுதான். திருப்பிக் காட்டப்போகும் உருவத்துக்கு ஒற்றைப் பக்க அடையாளம் வைத்தால் இப்படித்தான் ஆகும். வேண்டுமென்றே ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் தெரிந்து ஏற்க வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் உருவம். ஒரு கேரக்டரின் கதையே, அவன் ஆத்மாவே மெமரிப் பற்றாக்குறையிலிருந்து வந்த சம்பவம் ஒன்று உண்டு. எனக்கு இதைவிடப் பிடித்த உதாரணம் வேறில்லை.

ஜோர்டான் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ செய்துகொண்டிருந்தார். 1989-ல் வெளியானது. தன் தம்பி டேவிட்டை ஓடவிட்டு, தாவவிட்டு, தொங்கவிட்டு வீடியோ எடுத்து, அதை ஒவ்வொரு படமாகப் பார்த்து இளவரசனின் அசைவை வரைந்தார். அதுவரை கேம்களில் ஓர் ஆள் அப்படி மனுஷன் மாதிரி ஓடுவது அபூர்வம். ஆனால் அத்தனை அசைவுப் படங்களும் மெமரியை அடைத்துக்கொண்டன. எதிரி ஒருவனை வைக்க இடமில்லை. எதிரியே வேண்டாம், பொறிகளும் பள்ளங்களும் போதும் என்று மெக்னர் பிடிவாதமாக இருந்தார். கேமில் உயிர் இல்லை, சண்டை வேண்டும் என்று உடன் வேலை செய்த தோழி டோமி பியர்ஸ் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

வழி பிறந்தது ஒரு சின்னக் கணக்கில். நிதானமாகச் சொல்கிறேன், இது ஒன்றும் கஷ்டமில்லை. அந்தப் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் எரிகிறது அல்லது அணைந்திருக்கிறது. 1 அல்லது 0. இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரு விதி போடலாம்: இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் 0, வேறு வேறாக இருந்தால் 1. புரோகிராமர்கள் இதை எக்ஸார் என்பார்கள். இளவரசனின் படத்தை எடுத்து, அதே படத்தை ஒரே ஒரு புள்ளி பக்கவாட்டில் நகர்த்தி, இரண்டுக்கும் இந்த விதியைப் போட்டால் என்ன ஆகும்? உடம்பின் நடுவில் இரண்டிலும் 1, ஆகவே அணைந்துவிடும். விளிம்பில் மட்டும் ஒன்றில் 1, மற்றதில் 0, அது எரியும். உள்ளே இருட்டாக, ஓரம் மட்டும் மினுங்கும் ஓர் ஆவி உருவம் கிடைத்துவிட்டது. புதிதாக ஒரு படம் வரையவில்லை. மெமரி கிட்டத்தட்ட செலவாகவே இல்லை. ஓட்டம், தாவல், தொங்கல் என்று இளவரசனின் எல்லா அசைவும் அந்த உருவத்துக்கும் சும்மா கிடைத்தது.

இப்போது கதாசிரியராக யோசியுங்கள். இளவரசனைப் போலவே அசையும், இளவரசனைப் போலவே உயரமான ஒரு நிழல். அது யார்? அவனேதான். கேமின் நடுவில் ஒரு மாயக் கண்ணாடி வழியை மறிக்கிறது. ஓடிவந்து அதை உடைத்துத் தாண்டும்போது, மறுபக்கத்திலிருந்து நிழல் மனிதன் பிரிந்து ஓடுகிறான். பிறகு வரும் ஒரு கட்டத்தில் நீங்கள் குடிக்க வேண்டிய மருந்தை உங்கள் கண்ணெதிரே குடித்துவிடுகிறான். கடைசியில் வாளோடு எதிரே வந்து நிற்கிறான். அவனை வெட்டினால் உங்கள் உயிர் குறைகிறது. அவனைக் கொன்றால் நீங்களும் சாகிறீர்கள். வாளை உறையில் போட்டுவிட்டு அவனை நோக்கி நடக்க வேண்டும், இருவரும் ஒன்றாகிவிடுவார்கள். மெமரி தாராளமாக இருந்திருந்தால் அங்கே யாரோ ஒரு காவலன் வந்திருப்பான், அவ்வளவுதான். மெக்னரும் பியர்ஸும் பற்றாக்குறையை மறைக்க முயலவில்லை. ஒரே படம் இரண்டு பேருக்கு என்பதையே கதையாக்கினார்கள். ஆடியவர்கள் அந்த நிழலை இன்றும் மறக்கவில்லை.

முப்பரிமாணம் வந்ததும் கட்டம் போய் முக்கோணம் வந்தது. பாலிகன் என்ற சின்னச் சின்ன முக்கோணத் துண்டுகளை ஒட்டித்தான் உருவத்தைக் கட்ட வேண்டும். சோனியின் முதல் பிளேஸ்டேஷனில் முதன்மை மெமரி 2 மெகாபைட், படங்களுக்குத் தனியாக 1. 1996-ல் நாட்டி டாக் நிறுவனம் செய்த க்ராஷ் பாண்டிகூட்டுக்கு அளந்து கொடுத்தது 512 பாலிகன். அவன் உடம்பின் பெரும்பகுதியில் டெக்ஸ்சர் என்ற மேல்படம் ஒட்டவே இல்லை. துண்டுகள் திரையில் சில புள்ளி அளவே வரும் என்பதால், நிறம் மட்டும் அடித்தால் போதும், வேகமாகவும் வரையலாம் என்று கண்டார்கள். உடம்பைவிடத் தலை பெரிது. கண்ணும் வாயும் அதைவிடப் பெரிது. கழுத்தே கிடையாது. கை தனியாகத் தெரியக் கையுறை, நெஞ்சு வெளிர் நிறம். 16 கட்டத்தில் பார்த்த அதே நியாயங்கள்தான், வேறு மெஷினில் திரும்பி வந்திருக்கின்றன. அதே வருடம் ‘டூம் ரெய்டர்’ கேமின் லாரா கிராஃப்டுக்கு நீளமான பின்னல் வரைந்திருந்தார்கள். கேமுக்குள் அதை ஆட்டிக் காட்டக் கட்டுப்படியாகவில்லை. முதல் கேமில் இடையிடையே வரும் கதைப் படங்களில் மட்டும் பின்னல்; ஆடும்போது கொண்டை. அடுத்த வருடம் வந்த இரண்டாம் பாகத்தில்தான் பின்னல் அவள் முதுகில் ஆடியது. க்ராஷைச் செய்தவர்கள் கணக்கிலிருந்து ஆளுக்கு வந்தார்கள். லாராவுக்கு ஆளிலிருந்து கணக்குக்கு வந்து ஓரிடத்தில் வெட்ட வேண்டியதாயிற்று. இரண்டுமே பெருவெற்றி. ஆனால் வெட்டியது தெரிகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இடம் குறைவாக இருக்கும்போது கை சுலபமாகத் தேய்ந்த அடையாளங்களைத் தேடிப் போகும். 1982-ல் ‘மிஸ் பேக்மேன்’ வந்தபோது, பெண் என்று காட்ட அந்த மஞ்சள் வட்டத்தின் தலையில் ரிப்பனும் உதட்டில் சாயமும் வைத்தார்கள். நாலு புள்ளியில் பெண்ணைக் காட்ட வேறு என்ன செய்வது என்று கேட்கலாம். ஆனால் 1986-ல் சிறிய ஃபேமிகாமில் ‘மெட்ராய்டு’ வந்தது. சாமுஸ் என்ற விண்வெளி வேட்டைக்காரர் முழுக்கவசத்தில் வருகிறார். கேமைச் சீக்கிரம் முடித்தவர்களுக்குக் கவசத்துக்குள் இருந்தது பெண் என்று கடைசியில் தெரிகிறது. புள்ளிகள் இரண்டிலும் குறைவுதான். யோசித்த தூரம் வேறு. மெஷின் சின்னது என்பது சோம்பலுக்குச் சாக்கு ஆகாது. கறுப்பர், கிழவர், ஏழை என்று யாரை வரைந்தாலும் இதே நியாயம்தான்.

சரி, இன்றைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். இன்றைய மெஷின்கள் ஒரு முகத்துக்கே பல்லாயிரம் பாலிகன் கொடுக்கின்றன. உண்மை. ஆனால் நம் ஊரில் பெரும்பாலானவர்கள் ஆடுவது போனில். திரை உள்ளங்கை அகலம். அதில் ஓடும் ஆளின் உயரம் பல கேம்களில் உங்கள் கட்டைவிரல் நகத்தைத் தாண்டாது. போன் சூடானால் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும். நொடிக்கு 30 படம் வேண்டுமென்றால், ஒரு படத்துக்கான எல்லாக் கணக்கையும் 33 மில்லி விநாடிக்குள் முடிக்க வேண்டும். பெரிய கேம்களிலும் ஒரே ஆளுக்கு மூன்று நான்கு உருவம் செய்து வைத்து, தூரத்தில் போகும்போது குறைந்த பாலிகன் உருவத்தை மாற்றி வைக்கிறார்கள். அந்தத் தூரத்து உருவத்தில் மாரியோவின் சட்டம் இன்றும் செல்லும்: நிழலாகப் பார்த்தாலே ஆள் யாரென்று தெரிய வேண்டும். தெருக்கூத்தில் கிரீடமும் தோளில் புஜக்கட்டையும் அத்தனை அகலமாக இருப்பது எதனால்? கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவருக்கும் ராத்திரி வெளிச்சத்தில் துரியோதனன் தெரிய வேண்டும்.

நம் ஊர்க் கதை ஒன்றைப் போனுக்காகச் செய்வதாக வைத்துக்கொள்வோம். நாயகி கிராமத்துப் பெண். ஓட வேண்டும், வரப்பைத் தாண்ட வேண்டும், மரம் ஏற வேண்டும். ஓவியர் ஆசையாக முதலில் வரைவது என்ன? விரித்த கூந்தல், கணுக்கால் வரை சேலை, காற்றில் பறக்கும் முந்தானை. போஸ்டருக்கு அருமையான படம். போனில் அது படுத்திவிடும். துணி உடம்பில் பட்டு மடிவதை ஒவ்வொரு படத்துக்கும் கணக்கிடுவது செலவு பிடித்த வேலை. கணக்கைக் குறைத்தால் ஓடும்போது முழங்கால் சேலையைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டும். கூந்தல் தோளுக்குள் புகுந்து மார்பு வழியாக வெளிவரும். முந்தானை பலகை மாதிரி விறைத்து நிற்கும். அப்புறம் கடைசி மாதத்தில் யாரோ ஒருவர் சேலையை எடுத்துவிட்டுப் பேன்ட் போட்டுவிடலாம் என்பார். ஆளே மாறிப்போவாள்.

அதையே முதல் நாள் கணக்கோடு ஆரம்பித்துப் பாருங்கள். கூந்தல் அசையக் கூடாது. துணி கால்களை மூடிய குழாயாக இருக்கக் கூடாது. கை உடம்பிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும். நாற்று நடப் போகும் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். தலையில் துண்டைச் சுருட்டிய சும்மாடு அல்லது இறுக்கிய தலைக்கட்டு; முடி உள்ளே போய்விட்டது. சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருக்கிறாள். கால்கள் இரண்டும் தனித்தனியாக அசையும். சேலைக்கு மேலே வீட்டு ஆணின் பழைய முழுக்கைச் சட்டை. வேறு நிறம், கை பளிச்சென்று தெரியும். முந்தானை சட்டைக்குள் அடங்கிவிட்டது. நகத்தளவு திரையிலும் அந்தத் தலைக்கட்டும் சட்டையும் அவளை வேறு யாரோடும் குழப்பாது. போன் எளிதாக வரையும். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் படத்தைவிட இவள் உண்மையானவள். இவள் உழைக்கிறவள் என்று யாரும் வசனத்தில் சொல்ல வேண்டியதில்லை. தொப்பியும் ஓவரால்ஸும் மியாமோட்டோவுக்குச் செய்த வேலையைச் சும்மாடும் சட்டையும் இங்கே செய்யும்.

எல்லை இல்லாதபோது என்ன செய்வது என்பதற்கும் பதில் இருக்கிறது. தாமாகவே எல்லை போட்டுக்கொள்பவர்கள் உண்டு. பிகோ-8 என்று ஒரு கற்பனை மெஷின். உண்மையில் கம்ப்யூட்டரில் ஓடும் மென்பொருள்தான். திரை 128-க்கு 128 புள்ளி, 16 நிறம், ஸ்ப்ரைட் 8-க்கு 8. மேடி தோர்சனும் நோயல் பெரியும் அதில் நான்கே நாளில் ‘செலஸ்ட்’ என்ற மலையேறும் கேமைச் செய்தார்கள். நாயகி அந்தரத்தில் ஒருமுறை பாய்ந்து போகலாம். பொதுவாகத் தரையைத் தொட்டால்தான் மறுபடி பாய முடியும். பாய்ச்சல் மிச்சமிருக்கிறதா என்று திரையில் எழுதிக்காட்ட இடமில்லை. அவள் முடி சிவப்பாக இருந்தால் பாயலாம்; நீலமானால் தீர்ந்துவிட்டது. 2018-ல் அதையே பெரிய கேமாகச் செய்தபோது எத்தனை வேண்டுமானாலும் எழுதிக் காட்ட இடமிருந்தது. ஆனாலும் முடியின் நிறத்தைத்தான் வைத்துக்கொண்டார்கள். ஆடுபவரின் கண் எப்போதும் ஆளின்மேல்தான் இருக்கிறது. தகவலும் அங்கேயே இருப்பதுதான் சரி. பழைய மெஷின் மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் புள்ளி புள்ளியாக வரைவதில் எனக்கு மரியாதை இல்லை. எல்லை கற்றுக்கொடுத்ததை எடுத்துக்கொண்டு மேலே போவதில் இருக்கிறது.

கேம் செய்ய ஆசைப்படும் பிள்ளைகள் இன்று நம் கல்லூரிகளில் நிறையப் பேர். படம் வரைபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பென்சிலை எடுக்கும் முன் புரோகிராமரிடம் போய் நான்கு கேள்வி கேளுங்கள். ஆள் திரையில் எத்தனை புள்ளி உயரம் வருவார்? ஒரே நேரத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? துணியும் முடியும் அசையுமா? எந்த விலைப் போனில் ஓட வேண்டும்? பிறகு அந்த விலையில் ஒரு போனை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டு, முதல் ஓவியத்தை அதன் திரையில் வரும் அளவிலேயே வரையுங்கள். பெரிய படம் பின்னால் வரட்டும். புரோகிராமர்களுக்கும் ஒன்று: அந்த எண்களைக் கடைசி மாதம் வரை உங்கள் கணினியிலேயே வைத்திருக்காதீர்கள். முதல் நாளே சொல்லிவிடுங்கள்.